ஜாவாக்காரன் மறிச்ச பலூன்

ஏனுங் தம்பி, மடியில கம்ப்யூட்டர வெச்சுத் தட்டிக்கிட்டே வர்றீங்களே, அந்த வேலைதானுங்களா உங்களுக்கு? அப்படிங்களா. அப்ப உங்களத்தான் கேக்கோணும். திருச்செங்கோட்டுல ஏறுனதுல இருந்து பாக்கறேன், கேக்கலாமா வேண்டாமான்னு. ஈரோடே தாண்டியாச்சு. கோயமுத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள கேட்டுர்றேன்.

ஒருத்தன் அவன் வீட்டுல, அவன் கம்ப்யூட்டர்ல, அவன் பீரோவுல இருந்து எடுத்த சிடியப் போட்டுப் பாக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு அந்த ஜாவாக்காரன் யாருங்க?

என்ன சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்க தம்பி, இந்த பஸ்ஸு இரைச்சல்ல ஒண்ணும் விளங்க மாட்டேங்குது. ஆமாமா, ஜாவாவேதான். காப்பிக் கப்பு படம் போட்டிருக்கும், மேல ஆவி பறக்கும். என்னங்க? பாதுகாப்புக்குங்களா? இதையேதான் எங்க ஊரு ரபீக்கும் சொன்னான். யாருக்குப் பாதுகாப்பு? எங்கிட்ட இருந்து எனக்கே பாதுகாப்பா? திருடன் வெளிய இருந்து வந்தா மறி. வீட்டுக்காரன் சமையக்கட்டுக்குப் போறான், அவனப் போயி மறிப்பியா நீயி?

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்கு விளங்கும்.

எம் பேரு சென்னியப்பன். போர் வண்டி வெச்சிருக்கறேன். ஆழத்துக்குக் குழாய்க் கிணறு போடுவோமில்லீங்களா, அந்த லாரி. ஒரு காலத்துல நானே மேல நின்னு துளை போடற ராடு இறக்குனவன், இப்ப ஆளுங்கள வெச்சு ஓட்டறேன். எனக்கு ஒரே புள்ள, மிருதுளா. ஒம்பது வயசு. அவளுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது. எங்களுக்கு அது ரொம்ப நாளு தெரியலீங்க. வீட்டுப் பக்கத்துலயேதான் ஷெட்டு. அங்க போர் வண்டிக் கம்ப்ரசர ஓட்டிப் பாத்தா தெருவே எந்திரிச்சுக்கும், இவ தொட்டில்ல தூங்கிட்டிருப்பா. போர் வண்டிக்காரன் புள்ளைடா, சத்தத்துக்கு அசைய மாட்டாடான்னு எல்லாருகிட்டயும் பெருமையாச் சொல்லிட்டு இருந்தேன்.

அப்பறம் ஆஸ்பத்திரி, டெஸ்ட்டு, காதுல மெஷின்னு எல்லாம் ஆச்சு. மெஷின் போட்டா ஏதோ கொஞ்சம் கேக்குதுன்னாங்க. ஈரோட்டுல பியூலா டீச்சர்னு ஒருத்தங்க, இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க. அவங்கதான் அந்த சிடியக் குடுத்தாங்க. அவங்க சென்டர்ல இருந்து ஒரு ஆளே வந்து எங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் சரி பண்ணி வெச்சுட்டுப் போனாரு.

சிடிக்குள்ள என்னன்னா, ஸ்கிரீன்ல ஒரு பக்கம் தொறக்கும். நடுவுல ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள செவப்பா ஒரு பலூன் கிடக்கும். மைக்குல பேசுனா பலூன் ஊதும். சத்தத்த நிறுத்தாமப் பிடிச்சா மேல ஏறும். சொல்லச் சொன்ன வார்த்தையச் சரியாச் சொல்லிட்டா பலூன் வெடிச்சு உள்ள இருந்து ஒரு பச்சைக் கிளி பறக்கும். அவ்வளவுதான். ஆப்லெட்னு அதுக்குப் பேராம். ஜாவா இருந்தாத்தான் ஓடுமாம்.

டீச்சர் அப்பவே சொல்லி விட்டாங்க, கை ஜாடையக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, வாய்ப் பேச்சுக்குப் பழகட்டும்னு. நான் ஒரு காரியத்த எடுத்தா அரைகொறையாச் செய்ய மாட்டேனுங்க. சாயங்காலம் வந்ததும் புள்ளைய உக்கார வெப்பேன். ரெண்டு கையையும் மேசைக்குக் கீழ வெச்சுக்கோன்னு சொல்லிருவேன். கை வெளிய வந்தா லேசா ஒரு தட்டு. அடிக்கறதெல்லாம் இல்லீங்க. ஞாபகப்படுத்தறதுக்கு.

ஒரு நாளு, நம்புவீங்களோ மாட்டீங்களோ, கிளி பறந்துச்சு தம்பி. "அப்பா"ன்னா. "ப்பா"ன்னுதான் வந்துச்சு, ஆனா கிளி பறந்துருச்சில்லீங்களா? எம் பொண்டாட்டி சுகுணா மாடியில மொளகாய் காயப் போட்டுட்டு இருந்தா. ஓடியாடி, ஓடியாடின்னு கத்துனேன். அவ வந்ததும் இன்னொருக்காச் சொல்லு கண்ணுன்னேன். வரல. மறுநாளும் வரல. அதனால என்ன? ஒருக்கா வந்தது மறுபடி வராம எங்க போயிரும்? அன்னைக்கு இருந்து ஒரு நாளு விட்டதில்ல நானு. சைட்டுல இருந்து சேறும் மண்ணுமா வந்தாலும் குளிக்கறதுக்கு முன்னால பலூனுதான். சுகுணாகூடச் சொல்லுவா, புள்ள நீங்க வர்ற வண்டியப் பாத்ததுமே மூஞ்சி மாறுதுங்கன்னு. எப்படி மாறாம இருக்கும்? பொறுப்பு வந்துருச்சு அவளுக்கு.

இப்படி நல்லாப் போயிட்டிருந்ததுல வந்து மண்ணைப் போட்டான் ஜாவாக்காரன்.

கம்ப்யூட்டர்ல கீழ் மூலையில அந்தக் காப்பிக் கப்பு வந்து உக்காந்துக்கும் பாருங்க. புதுசு வந்திருக்குது, போட்டுக்கறியான்னு கேக்கும். மூடுனா மறுபடி வரும். சரி போட்டுத் தொலைன்னு அமுக்குனேன். ஆமா, நாந்தான் அமுக்குனேன். அதுக்கென்ன? கேட்டது அவந்தான? நானாப் போயிக் கேட்டேன்?

மறுநாளு சிடியப் போட்டேன். பலூன் இருக்கற எடத்துல வெள்ளையா ஒரு பெட்டி. அதுக்கு மேல ஒரு அறிவிப்பு, இங்கிலீஷ்ல. ரபீக்கப் படிக்கச் சொன்னேன். எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுக்கிட்டக் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வெச்சிருக்கறவன் இந்த ரபீக்கு. அவன் படிச்சுட்டு, "அண்ணே, உங்க பாதுகாப்பு ஏற்பாடு இந்த லோக்கல் புரோகிராம ஓட விடாமத் தடுத்துருச்சுன்னு போட்டிருக்குதுங்க"ன்னான்.

"லோக்கல்னா?"

"நெட்டுல இருந்து வராம, நம்ம கம்ப்யூட்டர்ல இருந்தே தொறக்கறதுங்க."

பாத்துக்கோங்க தம்பி! சீமையில இருந்து வந்தா நம்புவான். நம்ம வீட்டுல இருக்கறத நம்ப மாட்டான். லோக்கல்னா அவ்வளவு எளக்காரம்!

ரபீக்கு உள்ள எங்கியோ போயி, ஜாவாவோட அமைப்புல பாதுகாப்புன்னு ஒரு பக்கத்தத் தொறந்தான். மேலயும் கீழயும் இழுத்துக் கண்டிப்பக் கூட்டிக் குறைக்கற மாதிரி ஒரு கோடு. உயரத்துல இருந்தத நடுவுல இறக்கி வெச்சான். பலூன் வந்துருச்சு. ஆனா பேசுனா ஏற மாட்டேங்குது. பாறை மாதிரி கிடக்குது. புள்ள பாவம், ஊ ஊங்கறா, அது அசையல. மைக்கு போயிருச்சாட்ட இருக்குதுன்னு புது மைக்கு வாங்கிட்டு வந்தேன். அதுவும் கேக்கல.

அதுக்குள்ள இன்னொரு புதுசு வந்துச்சு. அதையும் அமுக்குனேன். அமுக்காட்டி அது போகுதுங்களா? இந்தத் தடவை பலூனே போச்சு. ரபீக்கு வந்து பாத்துட்டுத் தலையச் சொறியறான். "அண்ணே, நடுவாலன்னு இருந்த எடத்தையே எடுத்துட்டானுங்க. இப்ப உயரமும் அதுக்கும் மேலயுந்தான் இருக்குது"ங்கறான்.

"எவன் எடுத்தான்? எங்கூட்டுக்குள்ள வந்து எவன் எடுத்தான்?"

"கோவப்படாதீங்கண்ணே. அவன் பக்கமும் நியாயம் இருக்குதுங்க. யாரோ எழுதுன புரோகிராமு. உள்ள பூந்து மைக்கத் தொறந்து வீட்டுல பேசறதையெல்லாம் ஒட்டுக் கேட்டுட்டா?"

எனக்கு வந்துச்சு பாருங்க! "கேக்கட்டும்! எம் புள்ள பேசறத எவனாவது கேட்டா எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு! கால்ல விழுந்து கும்பிடறேன் அவன!"

ரபீக்கு திரும்பி மறுபடி கம்ப்யூட்டரத் தட்டப் போயிட்டான்.

அது நல்லா மழை பேஞ்ச ஐப்பசி. மழையில போர் வேலை கம்மி. நான் வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்திருப்பேன். கடைக்குத் தூக்கிட்டுப் போவேன், தூக்கிட்டு வருவேன். பழைய ஜாவாவத் தேடிப் போட்டோம். இது பழசு, ஆபத்துன்னு அதுக்கும் மறிச்சான். வேற பிரவுசர்ல போட்டோம். அது ஜாவாவையே தெரியாதுன்னுருச்சு. இந்த லட்சணத்துல நான் மாயறேன், உள்ள சமையக்கட்டுல ஆத்தாளும் மகளும் ஒரே சிரிப்பு.

போயிப் பாத்தா, கை. நாலு கையும் காத்துல பறக்குது. பின் தெருவுல ஒரு டெய்லர் பொண்ணு, அதுக்கும் காது கேக்காது, கோயமுத்தூர்ல அந்த மாதிரிப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஹாஸ்டல்ல இருந்து படிச்சது. அதுகிட்டப் போயி சுகுணா கத்துக்கிட்டு வந்து இவளுக்கும் பழக்கி விட்டிருக்கறா. பலூன் நின்னுருச்சு, புள்ளைக்குப் பொழுது போகோணுமில்லன்னு எங்கிட்டயே சொல்றா. புள்ள என்னப் பாத்ததும் ரெண்டு கையையும் டக்குனு முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா. அந்த மட்டுக்கும் என் சொல்லு அவளுக்கு ஞாபகம் இருந்துச்சு.

சுகுணாவத் திட்டித் தீத்துட்டேன். அவ எப்பவும் எதுத்துப் பேசாதவ. அன்னைக்குச் சொல்றா, "ஏனுங்க, உங்க போர் வண்டியில கம்ப்ரசர் ஓடறப்ப நீங்க எதுல பேசறீங்க? கையத் தூக்குனா ராடு ஏத்து, வீசுனா நிறுத்து, விரல சுத்துனா வேகமாப் போடுன்னு நாளெல்லாம் கையிலதான பேசறீங்க? உங்களுக்கு ஒரு நாயம், புள்ளைக்கு ஒரு நாயமா?"

அதுவும் இதுவும் ஒண்ணுங்களா தம்பி? அது தொழிலு. அங்க சத்தத்துல ஒருத்தன் சொல்றது ஒருத்தனுக்குக் கேக்காது. வேற வழியில்ல, கைய ஆட்டறோம். பொம்பளைங்களுக்கு எதை எதோட சேத்துப் பேசறதுன்னே தெரியாது.

என்னங்க? பெருந்துறையா? இல்ல இல்ல, பெருந்துறை தாண்டியாச்சு. ஓ, நீங்க வேற கேட்டீங்களா? எனக்குக் காது நல்லாக் கேக்குமுங்க. நீங்கதான் மெதுவாப் பேசறீங்க. இந்தக் காலத்துப் பசங்க எல்லாமே வாய்க்குள்ளயே பேசறாங்க.

சரி, சிடி குடுத்தவங்களையே கேப்போம்னு ஈரோட்டுக்குப் போனேன். பியூலா டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுங்களா? "அந்த சிடிய நாங்களே இப்பப் பயன்படுத்தறதில்லைங்க சார். எழுதுனவரு வெளிநாட்டுல இருக்காரு, புதுசாப் பண்ணித் தர ஆளில்ல. அதோட, இப்ப எங்க எண்ணமும் மாறிருச்சு. மிருதுளாவுக்குக் கைமொழி நல்லா வருதுன்னு உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க. குழந்தைக்கு எதுல பேச வருதோ அதுல பேசட்டும் சார்."

"அப்ப அன்னைக்குக் கைய வெளிய எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அப்படி நான் சொல்லலியே சார். ஜாடையக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு சொன்னோம். அதுவும் தப்புன்னு இப்பத் தெரியுது."

தப்புன்னு இப்பத் தெரியுதாம்! எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டாங்க! காப்பிக் கப்புக்காரன் மாதிரியேதான். இன்னைக்கு ஒரு சட்டம், நாளைக்கு ஒரு சட்டம். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறவன் எவனோ! டீச்சர்னும் பாக்காம நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் வெளிய வந்தேன்.

வீம்புக்குன்னே ரபீக்கக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சேன். இன்னைக்கு பலூன் ஏறாம நீ எந்திரிக்கக் கூடாதுன்னுட்டேன். ஞாயித்துக்கிழமை பகல். அவனும் விடல, நல்ல பையன். ஜாவாவுல விதிவிலக்குன்னு ஒரு பட்டியல் இருக்குதாம். அதுல எழுதி வெச்சா அத மட்டும் மறிக்க மாட்டானாம். நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கற ஃபைலுன்னா file-னு அடிச்சு, ஒரு முக்காற்புள்ளி, அதுக்கப்பறம் மூணு சாய்கோடு போடோணுமாம். ரபீக்கு ரெண்டு கோடு போட்டுட்டு வரலை வரலைன்னு உருட்டிட்டு இருந்திருக்கறான். மூணு போட்டதும் பலூன் வந்துருச்சு.

ஆனா ஏறல. அப்பறந்தான் கண்டுபிடிச்சான். அன்னைக்கு சென்டர்ல இருந்து வந்த ஆளு, இந்தப் புரோகிராம் மைக்கத் தொறக்கலாம்னு ஜாவா ஃபோல்டருக்குள்ள ஒரு அனுமதி எழுதி வெச்சிருக்கறாரு. புதுசு போட்டப்ப ஃபோல்டரே மாறிப் போச்சு, அனுமதியும் போச்சு. ஏனுங்க, ஒருத்தன் வீட்ட இடிச்சுக் கட்டறேன்னு வந்தா, உள்ள இருக்கற சாமானத்த எடுத்து வெச்சுட்டு இடிக்க மாட்டானா? ரபீக்கு அந்த அனுமதிய மறுபடி எழுதுனான். மூடித் தொறந்தான். "ஹலோ"ன்னான். பலூன் ஊதுச்சு.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு தம்பி. அம்மிணி, அம்மிணின்னு புள்ளையக் கூப்பிட ஓடுனேன். கூப்பிட்டா எங்க கேக்குது! தோளப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வெச்சேன். சுகுணா கதவுக்கிட்ட வந்து நின்னா. புள்ள அதுவாவே கைய ரெண்டையும் மேசைக்குக் கீழ வெச்சுக்கிச்சு.

"சொல்லு கண்ணு. அப்பா."

பலூனப் பாக்கறா. என்னப் பாக்கறா. வாயே தொறக்கல.

"அப்பா. சொல்லு."

உதட்ட இறுக்கி மூடிக்கிட்டா. எத்தனை மாசப் பாடு, எத்தனை அலைச்சல், எத்தனை பேருகிட்டச் சண்டை! எல்லாம் யாருக்காக? எனக்கு அடக்க முடியல. "அப்பான்னு சொல்லு! வாயத் தொறந்து அப்பான்னு சொல்லுன்னு சொல்றேன்ல!"ன்னு கத்திட்டேன்.

பலூன் விறுவிறுன்னு ஊதுச்சு. மேல ஏறுச்சு. வெடிச்சுது. கிளி பறந்துச்சு. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். நல்லாப் பேசினாய்னு பச்சை எழுத்து வேற.

புள்ள கையை வெளிய எடுத்துத் தட்டுச்சு தம்பி. எனக்காகத் தட்டுச்சு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. அப்பறம் சுகுணா பக்கம் திரும்பிக் கையில என்னமோ கேட்டுச்சு.

"என்னடி கேக்கறா?"

"ஒண்ணுமில்லீங்க."

"என்ன கேக்கறான்னு கேக்கறேன்!"

ரபீக்கு வயரச் சுத்தற மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டான். சுகுணா சொன்னா, "அப்பாவுக்குக் கிளி பறந்துருச்சு. இனி அப்பா எங்கூடப் பேசக் கத்துக்குவாரான்னு கேக்கறாளுங்க."

எப்படி இருக்கும் பாருங்க! எனக்குப் பேச வராதாம்! நாலு ஊரு பஞ்சாயத்துல பேசறவன். போர்ல தண்ணி வராத தோட்டக்காரனையே பேசிச் சமாதானம் பண்ணி அனுப்பறவன். எனக்கு! சட்டைய மாட்டிட்டு வெளிய போயி வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டேன். ரபீக்கு போனது தெரியும். சுகுணா வந்து சாப்பிடக் கூப்பிட்டது தெரியும். எறங்கல. எறங்கி வந்து என்னத்தப் பேசறது?

அதுக்கப்பறம் நான் சிடியப் போடல. அது ஓடிக்கிட்டுத்தான் இருக்குது, எந்தப் புதுசும் அமுக்கக் கூடாதுன்னு ரபீக்கு அடைச்சு வெச்சுட்டுப் போயிட்டான். ஓடி என்ன பண்ண? பள்ளிக்கூடம் தொறந்ததும் சுகுணா புள்ளைய அந்தக் கோயமுத்தூர்ப் பள்ளிக்கூடத்துல சேத்தி ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்துட்டா. நான் வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. வீடு கிடக்கற கிடைக்கு, ஷெட்டுல கம்ப்ரசர் ஓடுனாத்தான் எனக்குத் தூக்கமே வருது.

எப்பவும் சுகுணாதான் போயிப் புள்ளையப் பாத்துட்டு வருவா. இந்தத் தடவை அவ தம்பி வீட்டுல வளைகாப்பு, நீங்க போங்கன்னுட்டா. எனக்கும் அங்க ஒரு வேலை இருக்குது. இந்தப் பையில லேப்டாப்பு இருக்குது, ரபீக்குகிட்டச் சொல்லி பலூன இதுல ஏத்திட்டு வந்திருக்கறேன். எங்க கம்ப்யூட்டர் ரூம்ல ஜாவாவே இல்லீங்கன்னு போன்ல சொல்றாங்க அந்தப் பள்ளிக்கூடத்துல. இல்லாட்டிப் போட வேண்டியதுதான? நேர்ல போயி நாலு கேள்வி கேட்டாத்தான் தெரியும். பெத்தவங்களுக்குன்னு கைமொழி வகுப்பு வேற நடத்தறாங்களாம், சனிக்கிழமை சனிக்கிழமை. நான் அதுக்கெல்லாம் போறவனில்ல. இன்னைக்கு சனிக்கிழமைங்கறது கிளம்புனப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு.

அவிநாசி வந்துருச்சுங்களா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான்.

சுகுணா கைமொழியில ஒண்ணு சொல்லிக் குடுத்து விட்டா. பள்ளிக்கூடக் கேட்டுல புள்ளைய வெளிய விடுவாங்க, வாயத் தொறந்து எதுவும் சொல்றதுக்கு முன்னால இத மட்டும் செஞ்சு காட்டுங்கன்னு. வந்துட்டேன் கண்ணுன்னு அர்த்தமாம். பத்துப் பேரு முன்னால நின்னு நான் இதெல்லாம் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன். இப்ப என்னன்னா அதுவும் மறந்துருச்சு. முதல்ல வலது கையா, இடது கையா?

தம்பி, அந்தக் கம்ப்யூட்டரக் கொஞ்சம் மூடுங்க. இந்தப் பையப் பிடிங்க. பாத்து, கனமா இருக்கும். இப்படி நெஞ்சுக்கு நேரா… இல்லையே, விரல் இப்படி மடங்கோணும். இருங்க, இருங்க. சிரிக்காதீங்க. இப்பப் பாருங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க: இப்படிச் செஞ்சா உங்களுக்கு என்னன்னு விளங்குது?